கண் திறக்காத மலங்கன்

ஒரே ஒரு சொல்லுக்காக எங்கள் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழில் பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போடுவதா, ‘அமரர்’ என்று போடுவதா என்பதுதான் பிரச்சினை. இருப்பவருக்குத் திரு, இறந்தவருக்கு அமரர். அத்தான் இந்த இரண்டில் எது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் ஈழப்போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். ஒரு பேருந்தில் அவரை ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறக்கியதைக் கண்டவர் ஒருவருமில்லை. அக்கா பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தாள். ஹொல்ஸ்டெப்ரோவில் வீடு, ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இத்தனை வருடங்களில் அவள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டில்லாமல் வெளியே போனதில்லை, திவசம் என்ற பேச்சை வாசலுக்கு உள்ளே விட்டதில்லை. யாராவது வாய் தவறி “அவர் நல்லாப் பாடுவார்” என்று சொன்னால் போதும், “இப்பவும் பாடுவார்” என்று திருத்திவிட்டுத்தான் தேத்தண்ணீர் வைக்கப் போவாள்.

நான் அமரர் கட்சி. அதை மறைக்கவில்லை. அக்கா ஒரு காலை வாசலுக்கு வெளியிலும் மற்றக் காலை உள்ளேயும் வைத்தபடியே வயது போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அலுத்துவிட்டது என்பதைவிட, தாங்க முடியவில்லை என்பதுதான் சரி. என் கட்சியில் இருந்த மற்றவர் எஸ்பியர்க்கில் இருக்கும் எங்கள் தாய்மாமன். கல்யாணத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவர் அவர். அவரோடு ஒரே கட்சியில் இருப்பதே எனக்கு வெட்கமாக இருந்தது.

“திரு எண்டு போட்டா, வாற சனம் பொம்பிளையின்ர தகப்பன் எங்கை எண்டு மண்டபம் முழுக்கத் தேடாதோ?” என்று அவர் தொலைபேசியில் கேட்டார். “முதல்ல அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடிக்கச் சொல்லு. மங்கள காரியத்துக்கு முன்னால உது கிடக்கக் கூடாது.”

‘உது’ என்று அவர் சொன்னது அத்தானை.

மணப்பெண்ணிடம் கேட்டோம். அவள் டேனிஷில், “அம்மா எதைச் சொல்கிறாளோ அதைப் போடுங்கள்” என்றாள். டேனிஷ் அழைப்பிதழில் இந்தத் தொல்லை இல்லை; அங்கே பெயருக்கு முன்னால் ஒன்றும் வராது, செத்தவரும் இருப்பவரும் ஒரே வரிசை. அவள் அந்த அழைப்பிதழை எப்போதோ தன் சிநேகிதர்களுக்கு அனுப்பிவிட்டாள். தமிழ் அழைப்பிதழ் மட்டும் ஒரு சொல்லில் சிக்கிக் கிடந்தது.

நான் கோப்பன்ஹேகனில் ஒரு அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறேன். பெரிதாக நினைக்க வேண்டாம். காட்சிக்கு வைக்காத பொருட்களை நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள். டேனிஷில் அதற்கு மகசீன் என்று பெயர். நான் மகசீனில் வேலை என்றதும் சொந்தக்காரர்கள் ஏதோ சஞ்சிகையில் எழுதுகிறேன் என்று நினைத்து, பிள்ளையின் பிறந்தநாள் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். என் வேலை பொருட்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, பஞ்சுத் தாளில் சுற்றி, வேறு பெட்டியில் வைப்பது. களஞ்சியம் இடம் மாறிக்கொண்டிருந்ததால் அந்த வேலை முடிவில்லாமல் இருந்தது.

பசிபிக் கடலில் இருக்கும் மெலனீசியத் தீவுகளின் முகமூடிகள் என் பகுதிக்கு வந்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. பழைய காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க இவற்றுக்கு நஞ்சு பூசி வைத்திருக்கிறார்கள். அதனால் முகமூடியைத் தூக்க நானும் முகமூடி போட்டு, நீலக் கையுறை மாட்டி, மேலங்கியும் போட வேண்டும். இரண்டு முகமூடிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அதில் என்னுடையதுதான் அழகு குறைவு.

அவற்றில் ஒன்றுதான் மலங்கன். நியூ அயர்லாந்து என்ற தீவில் இறந்தவருக்காகச் செய்கிற சடங்கின் பெயர் அது. அந்தச் சடங்குக்காகச் செதுக்குகிற பொருளுக்கும் அதே பெயர். மெல்லிய மரத்தில் ஒரு முகம். இரண்டு பக்கமும் காதுபோல நீண்ட பலகைகள், அவற்றில் பறவையும் மீனும் பாம்பும் ஒன்றையொன்று கவ்வியபடி. சிவப்பு, கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. அத்தனை நுணுக்கமாகச் செதுக்கி, ஆடி, ஊருக்கே சோறு போட்டு, சடங்கு முடிந்ததும் அதை மழையில் உக்கி மண்ணாக விட்டுவிடுவார்களாம். அல்லது எரித்துவிடுவார்களாம். அதோடு இறந்தவரின் காரியம் முடிந்தது. வெள்ளைக்காரர்கள் அங்கே போன காலத்தில், எறியப்போகிற சாமான்தானே என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால் உக்க வேண்டியது உக்காமல், நஞ்சு பூசிக்கொண்டு, டென்மார்க்கில் என் மேசையில் கிடந்தது.

இதை வாசித்த அன்றே எனக்கு அக்காவின் நினைவு வந்தது. முடிக்கத் தெரிந்த மனிதர்கள் என்று நினைத்தேன். இதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆவேசம். நான் சொன்னால் கேட்கமாட்டாள், மாமா சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுவாள். எங்கேயோ கடலுக்கு நடுவில் இருக்கிற சனம் சொன்னால் கேட்கக்கூடும்.

அந்த மாதத்திலேயே கல்யாணச் சாமான் வாங்க அக்கா வந்தாள். அவள் வந்தால் என் வீட்டில்தான் தங்குவாள். தூங்கப் போகுமுன் நெற்றியில் இருக்கும் ஒட்டுப்பொட்டை உரித்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுவாள். காலையில் அதையே எடுத்து வைப்பாள். பாதி நாள் அதை மறந்து புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவாள். நான் தொலைபேசி எடுத்து, “உன்ர பொட்டு இஞ்ச கிடக்கு” என்பேன். “கிடக்கட்டும், வந்து எடுக்கிறன்” என்பாள். ஒட்டும் பசையும் காய்ந்துபோன ஒரு பொட்டுக்காக மறுபடியும் வருவதாக அவள் சொல்வது எங்களுக்குள் ஒரு பகிடி.

களஞ்சியத்தில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவந்து காட்டுவதற்கு ஒரு பின்னேரம் ஒதுக்கியிருந்தார்கள். அக்காவைக் கூட்டிப் போனேன். கையுறை, முகமூடி, மேலங்கி எல்லாம் போட்டுவிட்டேன். மலங்கன் என் மேசையில் இருந்தது. நான் தயாரித்து வைத்திருந்த பிரசங்கத்தைத் தொடங்கினேன்: எப்படிச் செதுக்குவார்கள், எப்படி ஆடுவார்கள், பிறகு எப்படி விட்டுவிடுவார்கள். ‘விட்டுவிடுவார்கள்’ என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தினேன்.

அக்கா நான் சொன்னது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. குனிந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்குக் கண் திறக்கேல்லயடி” என்றாள்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் வெறும் குழி. நான் எத்தனை தடவை தூக்கி வைத்திருக்கிறேன், அது என் கண்ணில் படவில்லை. கோயில் வாசலில் வளர்ந்தவளுக்கு அதுதான் முதலில் தெரிந்தது. எங்கள் ஊர்களில் சிற்பி விக்கிரகம் முழுவதையும் செய்துவிட்டுக் கடைசியில்தான் கண்ணைத் திறப்பார். அதுவரைக்கும் அது கல்.

“அப்ப சடங்கு நடக்கேல்ல” என்றாள் அக்கா. அவள் குரலில் ஒரு துள்ளல் வந்திருந்தது. “எல்லாம் செய்து போட்டுக் கண்ணை மட்டும் ஏன் விட்டவை? யோசிச்சுப் பார். ஆரோ ஒருத்தர் செத்திட்டார் எண்டு நினைச்சுச் செய்யத் தொடங்கியிருக்கினம். பேந்து அவர் வந்திட்டார்.”

“அக்கா, விசர்க் கதை கதைக்காத.”

“வந்திட்டார். அதுதான் கண் திறக்காமல் வித்துப் போட்டினம். இல்லாட்டி உனக்கு எப்பிடி இது கிடைச்சது?”

முடிப்பதற்கு வழி காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். அவளோ, திரும்பி வராதவர் திரும்பி வந்த கதை ஒன்றை அங்கிருந்து செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று பின்னேரமே மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, “திரு எண்டு போடுங்கோ” என்றாள். மாமா எனக்கு எடுத்து, நான் அவளுக்கு என்ன காட்டினேன் என்று கத்தினார். முகமூடி என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் முகமூடி காட்டுகிற தங்கச்சியை அவர் இந்த ஜென்மத்தில் கண்டதில்லையாம். அழைப்பிதழை அவர் அச்சுக்குக் கொடுக்காமலே வைத்திருந்தார்.

ஆனால் அக்கா அந்தக் கிழமை முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள் என்று அவள் மகள் எனக்குச் செய்தி அனுப்பினாள். சமையலறையில் பாடினாளாம். அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தேன்.

பிறகு அந்த மலங்கன் ஒரு கண்காட்சிக்குத் தெரிவானது. அதைத் துப்புரவாக்கிப் பழுது பார்க்கும் நிபுணரிடம் பெட்டியோடு கொடுக்க வேண்டும். அவர் என் வயதுடைய டேனிஷ் பெண், மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார். பெட்டியின் அடியில் பழைய துணியை நான் உருவியபோது ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலம் விழுந்தது. அவிழ்த்துப் பார்த்தால் இரண்டு கண்கள். கடல் நத்தை தன் வாயை மூடி வைத்திருக்கும் வட்ட மூடி அது. நடுவில் கரும்பச்சை, சுற்றிவர வெள்ளை. உண்மையான கண் மாதிரியே இருந்தது. பின்பக்கத்தில் பழைய பசை கட்டியாக ஒட்டியிருந்தது. பயணத்தில் விழுந்திருக்கின்றன, யாரோ பத்திரமாகப் பொட்டலம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

நிபுணருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் அக்காவை நினைத்துப் பொட்டலத்தைத் திரும்ப மடித்தேன். 

கண்காட்சிக்கு ஆலோசனை சொல்ல அந்தத் தீவைச் சேர்ந்த ஒருவரோடு காணொளியில் பேசினார்கள். நான்தான் தொலைபேசியைப் பிடித்து மலங்கனைச் சுற்றிக் காட்டினேன். நரைத்த தாடியோடு ஒரு மனிதர். அவருக்குப் பின்னால் மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கண்களைக் காட்டினோம்.

“பசை இருக்கிறதே. அப்படியென்றால் இது வேலை செய்து முடித்தது” என்றார். “கண் வைக்கும்வரை அது மரம். வைத்த பிறகுதான் ஆள்.”

யாருக்காகச் செய்தது என்று தெரியுமா என்று நிபுணர் கேட்டார். அதை நான் உங்களிடம் கேட்க இருந்தேன் என்றார் அவர்.  பிறகு அவர், இது எப்போதோ உக்கியிருக்க வேண்டியது, இனி நீங்கள் கண்ணை வைத்தாலும் ஒன்றுதான் வைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு அங்கே கேள்வி கேட்கும் உரிமை இல்லை. கேட்டேன். கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்கு, உடல் கிடைக்காதவருக்கு இதைச் செய்வீர்களா என்று.

“செய்வோம். பார்த்திருந்துவிட்டுச் செய்வோம்.”

“எவ்வளவு காலம்?”

“அதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்” என்றார். உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய்க் கேட்டும் பதில் ஹொல்ஸ்டெப்ரோவுக்கே திரும்பி வந்தது.

அக்காவிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கண்காட்சிக்கு அவள் வரப்போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள்; கண்ணோடு அதைக் கண்டு திடுக்கிடுவதைவிட என் வாயால் கேட்பது நல்லது என்று நினைத்தேன். கண் விழுந்து கிடந்ததையும், பசையையும், தீவு மனிதர் சொன்னதையும் தொலைபேசியில் சொன்னேன். 

“விழுந்ததோ” என்றாள். “சரி. விழுந்தபடியே கிடக்கட்டும். திருப்பி வைக்க வேண்டாமெண்டு சொல்லு.”

“நான் எப்பிடியக்கா சொல்லுறது?”

“நீ அங்கதானே வேலை செய்யிறாய். கல்யாணம் முடியுமட்டுமாவது வைக்க வேண்டாமெண்டு கேள். என்ர தங்கச்சி எல்லே.”

அவள் எதையும் கேட்பவள் அல்ல. அகதியாக வந்தபோதுகூட எங்களிடம் ஒரு கம்பளிச் சட்டை கேட்டதில்லை. நான் போய்க் கேட்டேன். அந்த நிபுணரின் மேசைக்கு முன்னால் நின்று, அத்தானைப் பற்றி, பேருந்தைப் பற்றி, விக்கிரகத்துக்குக் கண் திறப்பது பற்றி, திரு அமரர் பற்றி எல்லாம் டேனிஷில் சொன்னேன். அமரருக்கு டேனிஷில் சொல் தேடித் தடுமாறினேன். சாகாதவர் என்று பொருள்வருகிற சொல்லைச் செத்தவருக்கு ஏன் போடுகிறீர்கள் என்று அவர் கேட்டார்.

அவர் என் கையுறைக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. பிறகு தன் பக்கத்தைச் சொன்னார்: அவை அதன் சொந்தக் கண்கள், கண்களோடு சுவரொட்டிப் படம் அச்சாகிவிட்டது, முடிவெடுப்பது அவர் மட்டுமல்ல. “நாங்கள் பாவிப்பது திரும்பக் கழற்றக்கூடிய பசைதான். எப்போதும் கழற்றலாம்” என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. யாரில் கோபப்படுவது என்று தெரியாமல், மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

கண்காட்சி தொடங்கியபின் ஒரு சனிக்கிழமை அக்கா வந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நீலச் சேலை கட்டி, கோயிலுக்குப் போகிறவள்போல வந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மலங்கன் வெளிச்சத்தில் நின்றது. இரண்டு கண்களும் இருந்தன. எங்கே நின்றாலும் அது எங்களைப் பார்த்தது.

அக்கா நெடுநேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்: “ஆர் செய்தி கொண்டந்தது?”

“என்ன செய்தி?”

“இவையின்ர ஆள் செத்திட்டார் எண்டு. ஒரு செய்தியும் வராமல் கண் திறந்திருப்பினமே?”

“அக்கா, அது பழைய கண். பொட்டலத்துக்குள்ள கிடந்தது. இஞ்ச ஒட்டினது. நான் சொன்னனான்தானே.”

“ஓம், நீ சொன்னனி.” தன் முந்தானையால் கண்ணாடியில் பட்டிருந்த தன் மூச்சைத் துடைத்தாள். “மாமாவுக்குச் சொல்லிவிடு. அமரர் எண்டே போடட்டும்.”

பல மாதங்களாக நான் கேட்க நினைத்த சொல் அது. அவள் வாயிலிருந்து வந்ததும், அதைத் திருப்பி அவள் வாய்க்குள்ளேயே தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. “இதைப் பார்த்து முடிவெடுக்காத, அக்கா. இது வெறும் பசை. கழட்டலாமாம். நான் திரும்பவும் கேக்கிறன், கல்யாணம் முடியுமட்டும் கழட்டச் சொல்லி” என்று என்னென்னவோ உளறினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இது ஒண்டுமில்லையடி” என்றாள் அக்கா. “எனக்குக் களைச்சுப் போச்சு.”

வீட்டுக்கு வந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். மாமாவுக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். அவர் முதலில் “அப்பாடா” என்றார்.  பிறகு தொலைபேசிக்குள் அவர் அழுவது கேட்டது. அத்தானுக்கு முதன்முதலில் சைக்கிள் ஓடப் பழக்கியவர் அவர்தானாம். அது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை அக்கா ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் புறப்பட்டாள். தலையை மூடிக் குளிர்த்தொப்பி போட்டிருந்ததால் நெற்றியை நான் கவனிக்கவில்லை. ரயிலேற்றிவிட்டு வந்து முகம் கழுவக் குளியலறைக்குள் போனேன். கண்ணாடியில் அவளுடைய பொட்டு இருந்தது.

மறந்துதான் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொன்னேன். எத்தனை தடவை மறந்திருக்கிறாள். கைப்பைக்குள் ஒரு அட்டை நிறையப் பொட்டு வைத்திருப்பவள், ரயிலில் புதிதாக ஒன்றை வைத்திருப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள், பின்னால் ரயில் ஓடும் சத்தம்.

“உன்ர பொட்டு இஞ்ச கிடக்கு” என்றேன், வழக்கம்போலவே.

“கிடக்கட்டும்” என்றாள்.

‘வந்து எடுக்கிறன்’ என்பதையும் சொல்வாள் என்று தொலைபேசியைக் காதில் வைத்தபடியே நின்றேன். ரயில் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.